கல்லூரி நோட்டீசில் விழுந்த வட்ட முத்திரை

பள்ளி அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தின் சாரத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். சாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சம்பளப் பட்டியல் போடுவது, சர்வீஸ் புத்தகம் எழுதுவது எல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள். சொல்லித் தராவிட்டால் ஆடிட் வந்து சொல்லித் தரும். நான் சொல்லப்போவது ஒரு ரப்பர் முத்திரையைப் பற்றி. மரக் கைப்பிடி போட்டது, எலுமிச்சம்பழ அளவு வட்டம், நடுவில் பள்ளியின் பெயர். ஐம்பதுகளின் நடுவில் அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தால், ஓசூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணின் படிப்பு போக இருந்தது. ஒரு பையனின் படிப்பு போயே விட்டது.

நான் அப்போது ஓசூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சின்ன குமாஸ்தா. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வேலை நிரந்தரமும் ஆகவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளை அடுத்து எங்கே படிப்பது என்று கேட்டால், வழிகாட்டிகளுக்கு ஊரில் பஞ்சமே இருக்காது. முதல் வழிகாட்டி, இன்டர்மீடியட்டில் மூன்று முறை தோற்ற ஒருவர். ஒரே தடவையில் தேறியவன் கல்லூரியை இரண்டு வருடம்தான் பார்த்திருப்பான், இவர் ஐந்து வருடம் பார்த்தவராயிற்றே என்று ஊர் இவரைத்தான் அதிகம் மதித்தது. அடுத்தவர் பெங்களூர் பஸ் கண்டக்டர். அவருடைய பஸ் எந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் நிற்குமோ அது நல்ல கல்லூரி. நிற்காத கல்லூரிகளில் வாத்தியார்கள் சரியில்லை. மூன்றாவது ஆள், சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் பதினைந்தே நாளில் திரும்பி வந்த ஒரு பையன். அந்தப் பதினைந்து நாளை மூலதனமாக வைத்துப் பல வருடம் ஆலோசனை வழங்கிவந்தான்.

போதாக்குறைக்கு இன்டர்மீடியட்டையே எடுத்துவிட்டு, பி.யு.சி. என்று ஒரு வருடப் படிப்பைக் கொண்டுவரப் போகிறார்கள் என்ற பேச்சு. எங்கள் ஊருக்கென்றே இன்னொரு குழப்பமும் உண்டு. ஜூஜுவாடியைத் தாண்டினால் ராஜ்யம் மாறிவிடும், யூனிவர்சிட்டியும் மாறிவிடும். அந்தப் பக்கத்துப் பட்டம் இந்தப் பக்கம் செல்லுமா என்று கேட்டால் ஒருவர் செல்லும் என்பார், இன்னொருவர் செல்லாது என்பார். மூன்றாமவர், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்பார்.

ஆனால் எதை நம்புவது என்பதில் மட்டும் ஊரில் குழப்பமே கிடையாது. வாயால் சொன்னதைவிட எழுதியது ஒஸ்தி. எழுதியதைவிட அச்சடித்தது ஒஸ்தி. தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ அச்சடித்ததைவிட, ஒருவருக்கும் புரியாதபடி இங்கிலீஷில் அச்சடித்தது ஒஸ்தி. எல்லாவற்றுக்கும் மேலே, ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை விழுந்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. அதை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு முத்திரைகள் இருந்திருக்க வேண்டும். சான்றிதழ்களுக்குப் பள்ளியின் வட்ட முத்திரை ஒன்று, வருகிற தபாலில் 'வரவு' என்று குத்த நீள முத்திரை ஒன்று. நீள முத்திரையின் ரப்பரை நான் வேலைக்கு வருவதற்கு முன்பே எலி தின்றுவிட்டது. புதிது கேட்டு மேலே எழுதியிருந்தார்கள். மேலிருந்து, எலி தின்றதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுப் பதில் வந்தது. எலி எழுத்துமூலம் ஒப்புக்கொள்ளாததால் விஷயம் அப்படியே நின்றுபோயிற்று. ஆகவே வருகிற தபாலிலும் வட்ட முத்திரையையே குத்தி, பக்கத்தில் பேனாவால் தேதி போடுவது வழக்கமாகிவிட்டது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் பெரிய குமாஸ்தா. சேர்ந்த முதல் நாளே உபதேசம் செய்தார். "தம்பி, வந்ததுக்கும் சீல் குத்து, போறதுக்கும் சீல் குத்து. நடுவுல யோசிச்சுக்கினு நிக்காத. யோசிக்கறதுக்கு எச்.எம். இருக்காரு." எச்.எம். என்பது தலைமையாசிரியர். அவரோ, யோசிக்கத்தான் பெரிய குமாஸ்தா இருக்கிறாரே என்று நிம்மதியாக இருந்தார். பெரிய குமாஸ்தாவிடம் கற்றதில் பாதியை மறக்க எனக்கு இருபது வருடம் பிடித்தது.

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த வாரம் தபால் குவிந்தது. ஒரு கையால் வேர்க்கடலை தின்றுகொண்டே மறு கையால் குத்தித் தள்ளினேன். சர்க்குலர், கல்வி அதிகாரியின் நினைவூட்டல், சாக்பீஸ் வியாபாரியின் விலைப்பட்டியல், எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். அந்தத் தபால் கட்டுக்குள் ரோஸ் நிறத்தில் ஒரு நோட்டீஸ் இருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'காலேஜ்' என்பது கண்ணில் பட்டது. குத்தினேன். கல்லூரி சம்பந்தப்பட்டது அறிவிப்புப் பலகைக்குப் போகும் என்பது வழக்கம். பலகையில் குத்தூசி வைத்து மாட்டிவிட்டுக் கடலைத் தோலைத் தட்டிவிட்டேன். மொத்தத்தில் அதற்கு நான் செலவழித்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலை பதினொன்றரை மணிக்குப் பாகலூர்ப் பக்கத்திலிருந்து முனிரெட்டி வந்தார். கேழ்வரகும் கடலையும் போடுகிற நல்ல குடித்தனக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கூட அவருடைய மகள் நாகரத்தினம். பதினாறு வயது, ஆனால் ஒல்லியாக, குள்ளமாக, பார்த்தால் பத்து பதினோரு வயது என்றுதான் யாரும் சொல்வார்கள். அந்த வருடம் கணக்கில் பள்ளிக்கே முதல் மார்க் அவள்தான்.

"சாமி, டி.சி. குடுத்துடுங்கோ" என்றார் முனிரெட்டி. "பாப்பாவ பெங்களூர் காலேஜுல சேக்கப் போறேன்."

"சந்தோஷங்க. எந்தக் காலேஜு?"

"நீங்க சீலு போட்டுக் குடுத்தீங்களே, அதுதான்" என்று சொல்லி, மடியிலிருந்து ரோஸ் காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். "பலகையிலேர்ந்து எடுத்துக்கினு பூட்டேன், கோச்சிக்காதீங்கோ. பொண்ணு புள்ளைய ஊரு விட்டு ஊரு அனுப்பறது. கண்ட காலேஜுல சேக்க முடியுமா? இதுல கவர்மெண்டு சீலு இருக்குது. நாளைக்கு வந்து சேத்துடறேன்னு தாக்கல் சொல்லிட்டேன்."

அப்போதுதான் அந்த நோட்டீசை முதல்முறையாகப் படித்தேன். ஒரே வருடத்தில் பட்டம். பரீட்சை பயம் வேண்டாம். சென்னை, மைசூர் இரு அரசாங்கங்களும் நன்கு அறிந்த ஸ்தாபனம். பிரின்சிபாலின் பெயருக்குப் பின்னால் பெயரைவிட நீளமாகப் பட்டங்கள், அவற்றில் ஒன்றுகூட நான் கேள்விப்பட்டதில்லை. எந்த யூனிவர்சிட்டியைச் சேர்ந்தது என்று மட்டும் எங்கும் இல்லை. கல்லூரிக் கட்டடம் என்று ஓர் அரண்மனைப் படம் போட்டிருந்தது. அதே அரண்மனையை ஒரு மாதத்துக்கு முன் எங்கள் டிராயிங் மாஸ்டர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். அரண்மனையின் நெற்றியில் நான் குத்திய முத்திரை, கொஞ்சமும் சாயாமல் பளிச்சென்று இருந்தது.

"ரெட்டிகாரு, இது சரியான காலேஜ் இல்லீங்க. ஏமாத்து வேலை."

"ஏமாத்தா? அப்போ சீலு?"

"சீலு நான்தாங்க போட்டேன். தபால் வந்துச்சுன்னு போட்டேன். காலேஜு நல்லா இருக்குதுன்னு போடல."

முனிரெட்டி என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "நீங்க சின்னவங்கோ சாமி. ஒங்க வாய்ல இன்னிக்கு ஒண்ணு வரும், நாளைக்கு ஒண்ணு வரும். சீலு அப்பிடி இல்லீங்களே. சும்மா விழுமா அது?"

சும்மாதான் விழுந்தது, அதுவும் கடலை தின்றுகொண்டிருந்தபோது விழுந்தது என்று எப்படிச் சொல்வது? பெரிய குமாஸ்தாவின் மேசைக்குப் போனேன். எச்.எம். ஏதோ கூட்டத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தார். நடந்ததைச் சொல்லி, இந்த நோட்டீசுக்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"குத்துன சீலை வாபஸ் வாங்க ரூல் ஏது தம்பி? நீ சம்பந்தமில்லன்னு எழுதுவ. அப்ப சீல் குத்துனது யாருன்னு கேள்வி வரும். உனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆவல. அவரு பொண்ணு, அவரு காலேஜு, அவரு சேக்கறாரு. டி.சி.ய எழுதிக் குடுத்து அனுப்பு."

பயந்துபோனேன் என்பதை மறைக்க மாட்டேன். ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டி.சி. எழுதிக் கொடுத்துவிட்டால் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. எழுத உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நாகரத்தினம் என் மேசையில் இருந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பேனா ஓடவில்லை.

திரும்ப முனிரெட்டியிடம் போய், ஒரு கோமாளித்தனம் செய்தேன். அவருடைய சட்டைப் பையில் அன்று காலை வந்த பஸ் டிக்கெட்டுகள் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை உருவி மேசையில் வைத்து, முத்திரையை மையில் ஒற்றி, அவர் கண்ணெதிரே ஒரு குத்து குத்தினேன்.

"பாருங்க. இதுலயும் சீலு விழுந்துடுச்சு. இந்த டிக்கெட்டு இப்போ காலேஜ் ஆயிடுமா?"

அவர் டிக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கினார். மை காய வாயால் ஊதினார். சுருக்குப் பையைத் திறந்து, உள்ளே தனியாக இருந்த அறையில் அதை வைத்து இறுக்கினார். "இருக்கட்டும் சாமி. எதுக்குனா ஆவும்" என்றார்.

நான் தோற்றேன். உங்களில் யாராவது என்றைக்காவது ஒருவருடைய நம்பிக்கையை வேடிக்கை காட்டி மாற்றிவிடலாம் என்று நினைத்தால், இந்தச் சுருக்குப் பையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "சார், எம் பேருக்குக் கார்டு எதுனா வந்துச்சா? பள்ளிக்கூடத்து விலாசம் குடுத்திருந்தேன்."

தபால் தட்டைத் துழாவினேன். அவள் பெயருக்கு இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று நாலு நாளைக்கு முன் வந்தது, ஒன்று அன்று காலை வந்தது. இரண்டிலும் என் கையால் வட்ட முத்திரை குத்தித் தேதி போட்டிருந்தேன். இரண்டையும் நான் படித்திருக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டீசைத் தகப்பனார் வீட்டுக்குக் கொண்டுவந்ததுமே அவள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். அந்த நாளில் பதில் கார்டு என்று ஒன்று உண்டு. இரண்டு அட்டை சேர்ந்தாற்போல் இருக்கும். ஒன்றில் நாம் எழுதினால், மற்றதைக் கிழித்து அவர்கள் பதில் போடுவார்கள். அப்படி ஒன்று ரோஸ் நோட்டீஸ்காரர்களுக்கு, இன்னொன்று பெங்களூரில் அவளுடைய கணக்கு டீச்சர் படித்த பெண்கள் கல்லூரிக்கு. இரண்டிலும் அதே மூன்று கேள்விகள். எந்த யூனிவர்சிட்டி பரீட்சை எழுத வேண்டும்? கணக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? உங்கள் கல்லூரியில் என்னவெல்லாம் இல்லை?

மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடமாக ஊரில் எல்லோரும் கல்லூரியில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கார்டுகளை நான் உரக்கப் படித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். ரோஸ் நோட்டீஸ்காரர்களின் பதில் அச்சில் இருந்தது, பெயரை மட்டும் மையால் நிரப்பியிருந்தார்கள். 'அன்பார்ந்த மாணவருக்கு' என்று ஆரம்பித்து, எங்கள் ஸ்தாபனத்தில் இல்லை என்பதே இல்லை, உடனே புறப்பட்டு வருக என்று முடிந்தது. யூனிவர்சிட்டியும் இல்லை, கணக்கு வாத்தியாரும் இல்லை. பெண்கள் கல்லூரியின் கார்டில் கோழிக் கிறுக்கலாக ஐந்தாறு வரி இங்கிலீஷ். மைசூர் யூனிவர்சிட்டி பரீட்சை. கணக்குக்கு இரண்டு பேர், ஒருவர் ஆகஸ்ட்டில்தான் லீவிலிருந்து வருவார். ஹாஸ்டலில் இடம் இல்லை. பௌதிகச் சோதனைச்சாலை பாதிதான் கட்டியிருக்கிறது. கணக்குப் பிரிவில் நாலு இடம் பாக்கி. விண்ணப்பம், பள்ளியின் சான்றிதழோடு, மறுநாள் தேதியைக் குறிப்பிட்டு, அன்று மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். அப்புறம் வந்தால் பிரிக்க மாட்டோம்.

"பாத்தீங்களா சாமி" என்றார் முனிரெட்டி. "இவங்கோ எவ்ளோ மரியாதையா வாங்கோன்னு கூப்புடறாங்கோ. அவங்கோ எல்லாம் இல்ல இல்லன்றாங்கோ. இல்லாத எடத்துல இன்னாத்துக்குச் சேக்கறது?"

நாகரத்தினம் தகப்பனாரிடம் தெலுங்கில் பேசினாள். எனக்கும் புரியும், தமிழில் தருகிறேன். "நாயனா, சீலு இருக்குதுன்னுதான அத நம்புனீங்கோ? இந்தக் கார்டுலயும் அதே சீலு இருக்குதே."

அவர் வாங்கிப் பார்த்தார். நோட்டீசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வட்டத்தை வட்டத்தோடு பொருத்திப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். கவர்மெண்டு ஒரே முத்திரையை இரண்டு பக்கமும் வைத்துவிட்டால் ஒரு மனிதன் என்ன செய்வான்? வேறு வழியில்லாமல், எழுதியிருப்பது என்ன என்று பார்க்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

"சந்தையில நம்ப வெள்ளை எருத வாங்குனீங்களே நாயனா" என்றாள். "அன்னிக்கு ரெண்டு பேரு எருது வெச்சினு நின்னாங்கோ. ஒருத்தன் எந்தக் கொறையும் இல்லன்னான். இன்னொருத்தன், எடது கால் கொஞ்சம் எடறும், பாத்து ஓட்டிக்கோங்கன்னான். யாருகிட்ட வாங்குனீங்கோ?"

முனிரெட்டி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எடறுதுன்னவங்கிட்டதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எட்டு வருசமா உழுதுகினு இருக்குது சாமி. சாமி, அந்த இல்ல இல்லன்ற காலேஜுக்கு இன்னா இன்னா காயிதம் வேணும்?" என்றார்.

அப்போது மணி பன்னிரண்டரை. கணக்கு டீச்சர் வாங்கிக் கொடுத்திருந்த விண்ணப்பப் படிவம் அந்தப் பெண்ணிடம் பூர்த்தி செய்தபடியே இருந்தது. தபாலில் போட்டால் நாளைக்குள் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது, நேரில்தான் கொண்டுபோக வேண்டும். பெங்களூர் அல்சூரில் அவளுடைய சின்னம்மா வீடு இருந்ததால் அன்றிரவு தங்கி, காலையில் முதல் ஆளாகப் போய் நிற்கலாம். அந்த நாலு இடம் காத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. பெங்களூர் பஸ் இரண்டு மணிக்கு. அதை விட்டால் அடுத்த பஸ் வரும் என்பது கண்டக்டருக்கே நிச்சயமில்லை. பெரிய குமாஸ்தா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே, "மூணு மணிக்கு வரச் சொல்லு" என்றார்.

நான் உடனே அந்த மாற்றுச் சான்றிதழை எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பிறந்த தேதி. எச்.எம். இல்லாதபோது கையெழுத்துப் போட வேண்டியவர் உதவித் தலைமையாசிரியர். அவர் வீட்டுக்கு வெயிலில் ஓடினேன். ரசம் சாதத்தில் வலது கை இருந்தது. கழுவிக்கொண்டு வந்து, "எங்க?" என்று கேட்டார். காட்டினேன். போட்டார். அது என்ன காகிதம் என்று அவரும் கேட்கவில்லை. எங்கள் பள்ளியில் எல்லோருமே ஒரே குருகுலம்.

திரும்பி வந்து முத்திரையை மையில் ஒற்றிக் கையைத் தூக்கினேன். முனிரெட்டி பக்கத்தில் நின்று, "குத்துங்கோ சாமி, பஸ்சு பூடும்" என்றார். தூக்கிய கை அப்படியே நின்றது. ரோஸ் நோட்டீஸ் மேசையில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, நானே எழுதிய சான்றிதழை முதல் எழுத்திலிருந்து படித்தேன்.

பிறந்த வருடம் தப்பு. பதிவேட்டில் அவளுக்குக் கீழ்வரியில் இருந்தது, அவள் சேர்ந்த அதே நாளில், அவளைவிடக் கீழ் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளை. அவசரத்தில் அந்த வருடத்தை எடுத்து எழுதியிருந்தேன். என் சான்றிதழின்படி நாகரத்தினம் பன்னிரண்டு வயதில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு வயது, சான்றிதழில் ஒரு வயது. கல்லூரிக்காரர்கள் திருத்திக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். நாலு இடமும் போயிருக்கும். பின்னால் அவளுடைய தகப்பனார் தன் ஆயுசு முழுக்க, சீலு போட்ட காலேஜை விட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

புதிதாக எழுதினேன். மறுபடி ஓடினேன். உதவித் தலைமையாசிரியர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "இப்பத்தானே போட்டேன்?" என்றார். "இது வேற சார்" என்றேன். "சரி" என்று போட்டார். திரும்பி வந்து, இன்னொரு முறை படித்து, அப்புறம் முத்திரை வைத்தேன். பஸ் கிளம்பி நகரும்போது முனிரெட்டி படியில் ஏறினார். அவள் ஜன்னல் வழியே காகிதங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவளுக்குக் கிடைத்தது அந்த நாலு இடங்களில் கடைசி இடம்.

அன்று மாலை நானே ஒரு காகிதம் எழுதினேன். ரோஸ் நோட்டீசில் இருக்கும் முத்திரை தபால் வந்ததற்கு அடையாளம் மட்டுமே, அந்தக் கல்லூரிக்குப் பள்ளி உத்தரவாதம் அல்ல, முத்திரை வைத்தவன் நான் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுப் பலகையில் மாட்டினேன். எச்.எம். திரும்பி வந்ததும் எனக்கு மெமோ கொடுத்தார். வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. இனி எந்தக் காகிதத்தையும் படிக்காமல் முத்திரை வைக்கக் கூடாது என்று ஓர் ஆபீஸ் ஆர்டரும் போட்டார். அந்த ஆர்டரைப் பெரிய குமாஸ்தா படிக்காமல் முத்திரை வைத்து ஃபைலில் சேர்த்தார்.

நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். என் காகிதம் பலகைக்கு ஏறுவதற்கு முன்பே, ரோஸ் நோட்டீசில் விலாசம் குறித்துக்கொண்டு இரண்டு பையன்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. அதற்குள் எல்லாக் கல்லூரிகளும் திறந்து பாதிப் பாடம் முடிந்திருந்தது. ஒருவன் அடுத்த வருடம் வேறு கல்லூரியில் சேர்ந்துகொண்டான். மற்றவனுடைய தகப்பனார், போனது போதும் என்று குருபரப்பள்ளியில் ரோட்டோரமாக ஒரு சைக்கிள் கடை வைத்துக் கொடுத்துவிட்டார். அவன் என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. கிருஷ்ணகிரி போகும் பஸ் அங்கே நிற்கும்போதெல்லாம் நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். அவனிடம் இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை உங்களிடம் சொல்லவே வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல வருடம் கழித்து முனிரெட்டி பாகலூரில் புது வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு நேரில் வந்து அழைத்தார். போனேன். நாகரத்தினம் அப்போது ஒரு கல்லூரியில் கணக்கு லெக்சரர். வாசலிலேயே வந்து கும்பிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கூடத்துச் சுவரில் கறுப்புக் கவுன் போட்டு அவள் பட்டம் வாங்கிய போட்டோ. அதற்குப் பக்கத்தில், அதே அளவு சட்டத்தில், கண்ணாடிக்குள் ஒரு சின்னக் காகிதம்.

"இது இன்னாங்க ரெட்டிகாரு?"

"மறந்துட்டீங்களா சாமி? நீங்க சீலு போட்டுக் குடுத்ததாச்சே!" என்றார் முனிரெட்டி. வந்திருந்த பந்துக்களையெல்லாம் கையைக் காட்டி அழைத்தார். "இதுதான் எம் பொண்ண காலேஜுல சேத்த காயிதம். இத குத்திக் குடுத்த சாமி இவருதான்."

கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த பஸ் டிக்கெட். நடுவில் என்னுடைய ஊதா வட்டம். இது ஒன்றுக்கும் உதவாது என்று காட்டுவதற்காக நான் குத்தியது. வட்டத்துக்குக் கீழே டிக்கெட்டில் அச்சடித்திருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். மூலையில், மங்கலாக, 'அரை' என்று இருந்தது.

திரும்பி நாகரத்தினத்தைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பதினோரு வயசுன்னு சொல்லித்தான் சார் நாயனா என்னை பஸ்ல கூட்டினு வருவாரு. அன்னிக்குப் பெங்களூருக்கும் அரை டிக்கெட்டுதான்" என்றாள். "குத்தறப்ப படிக்கலியா சார்?"

படிக்கவில்லை. அன்று ஒரு காகிதத்தில் அவள் வயதைச் சரிசெய்ய வெயிலில் இரண்டு முறை ஓடியவன் நான். அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான், அதே கையால், அவள் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்று இன்னொரு காகிதத்தில் பள்ளியின் வட்ட முத்திரையைக் குத்தியிருக்கிறேன். படிக்காமல் குத்திய முத்திரைக்கு அர்த்தமில்லை என்று காட்டத்தான் குத்தினேன், அதையும் படிக்காமல் குத்தினேன்.

முனிரெட்டி மேல்துண்டால் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு, "சீலு இன்னும் அழியல, பாருங்கோ" என்றார்.